டூ: ஒரு வெற்றுச் சொல்லின் சரித்திரம்

'டூ யூ நோ' என்று ஒரு ஆங்கிலேயன் கேட்கிறான். 'யூ' என்றால் நீ. 'நோ' என்றால் அறி. முதலில் நிற்கும் 'டூ'வுக்கு என்ன அர்த்தம்? செய் என்கிறது அகராதி. அறிதலை நீ செய்கிறாயா என்றா அவன் கேட்கிறான்? அப்படி எந்த ஆங்கிலேயனும் நினைத்துப் பேசுவதில்லை. நமக்கு இந்தக் காரியம் 'தெரியுமா' என்ற ஒரே சொல்லில், அதன் கடைசி ஆகாரத்தில் முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ரென் அண்ட் மார்ட்டினைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர்கள் இதைத் துணைவினை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். 'டிட்' வந்தால் பின்னால் 'வென்ட்' வரக்கூடாது, 'கோ'தான் வரவேண்டும் என்பதற்கு ஸ்கேல் அடி இருந்தது, காரணம் இருக்கவில்லை.

இந்தச் சொல்லின் பின்னால் நான் போனதற்கு மொழியியல் ஆர்வம் மட்டும் காரணமில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து நம் வட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கட்டளை ஒன்று உண்டு: கவிதையில் உபரிச் சொல் கூடாது. யாரும் மறுக்கமாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் எது உபரி, அதை யார் எப்போது தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. ஆங்கிலக் கவிகள் உபரி என்று ஒதுக்கித் தள்ளிய ஒரு சொல், அவர்கள் கண்ணெதிரிலேயே அந்த மொழியின் முதுகெலும்பில் ஒரு கணுவாக ஆகியிருக்கிறது. (தமிழ் லிபியில் எழுதினால் இது இரண்டு என்ற எண்ணாகவும் தெரியும், குழந்தைகள் சிநேகத்தை முறித்துக்கொள்ளும் 'டூ'வாகவும் தெரியும். வேறு வழியில்லை.)

பழைய ஆங்கிலத்தில் இது 'டோன்'. ஜெர்மனில் 'டூன்', டச்சில் 'டூன்' என்று உறவுக்காரர்கள் உண்டு. இன்னும் பின்னால் போனால் இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் இதன் பொருள் செய்வதல்ல, வைப்பது. அந்த 'வை' என்ற பொருள் ஆங்கிலத்தில் இன்றும் இரண்டு மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: சட்டையைப் போட்டுக்கொள்வது 'டான்', தொப்பியைக் கழற்றுவது 'டாஃப்', முதலாவது டூவும் ஆனும் சேர்ந்தது, இரண்டாவது டூவும் ஆஃபும் சேர்ந்தது. கிரேக்கத்தில் இதே மூலத்திலிருந்துதான் 'தீஸிஸ்', 'தீம்' எல்லாம். சமஸ்கிருதத்தில் 'தா' என்ற வேர். அதிலிருந்து வைக்கப்பட்டது நிதி, வகுத்து வைக்கப்பட்டது விதி, மனத்தை ஒருங்கே வைப்பது சமாதி, நம்பிக்கை வைப்பது சிரத்தை. வினைச்சொல்லின் வேருக்கே வடமொழி இலக்கணக்காரர்கள் கொடுத்த பெயரான 'தாது'வும் அந்த வேரில் முளைத்ததுதான். ஆகவே 'தலைவிதி' என்று நாம் நொந்துகொள்ளும்போதும், லண்டனில் ஒருவன் 'ஹௌ டூ யூ டூ' என்று கை நீட்டும்போதும் ஒரே பழைய சொல்லின் இரண்டு துண்டுகள் புழங்குகின்றன. இதில் தத்துவம் எதுவும் இல்லை. சொற்கள் அப்படித்தான் அலைகின்றன.

செய் என்ற பொருளுடைய சொல்தான் எல்லா மொழியிலும் முதலில் காலியாகிறது என்று எனக்குப் படுகிறது. தொல்காப்பியர் வினையெச்சங்களை வகைப்படுத்த வேண்டியிருந்தபோது எந்த வினையை எடுத்துக்கொண்டார்? செய்து, செய்யூ, செய்பு, செய்தென என்று வாய்பாடு கட்டினார். உண்டு, ஓடி, நடந்து எல்லாம் 'செய்து' என்ற அச்சுக்குள் அடங்கிவிடும். அரபு இலக்கணக்காரர்கள் தங்கள் மொழியின் வினை அச்சுகளைக் காட்ட எடுத்துக்கொண்டதும் செய் என்று பொருள்படும் 'ஃபஅல'தான். நாம் வினை என்று சொல்வதும் செயலைத்தான். எதையும் குறிப்பாகச் சொல்லாததால் எதையும் குறிக்க முடிகிற சொல். தமிழிலும் அரபிலும் இலக்கணக்காரர்கள் தங்கள் வசதிக்காகச் செய்ததை ஆங்கிலத்தில் பேசுகிறவர்களே செய்துவிட்டார்கள். அச்சை எடுத்து வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

அது எப்படி நடந்தது என்பதுதான் சுவாரஸ்யம். இதைப் பற்றி விரிவாக எண்ணிக் கணக்கிட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வர் எல்லெகோர்ட். அவருடைய புத்தகம் 1953இல் வந்தது. அவர் சொல்லும் விளக்கம் இது: இடைக்கால ஆங்கிலத்தில் 'டூ'வுக்குப் பிறவினைப் பொருள் இருந்தது, பிறரைக்கொண்டு செய்விப்பது. 'அரசன் ஒரு கோட்டை கட்ட டிட்' என்றால் கட்டுவித்தான் என்று பொருள். ஆனால் அரசன் கோட்டையைக் கட்டினான் என்றாலும் கட்டுவித்தான் என்றாலும் கேட்பவனுக்கு என்ன வித்தியாசம்? அரசன் கல் சுமக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான் என்றுதான் நாம் இன்று சொல்கிறோம். அவன் கல்வெட்டோ 'எடுப்பிச்ச' என்று பிறவினையில் துல்லியமாகப் பேசுகிறது. 1010இன் அந்தத் துல்லியம் நம் பேச்சில் கழன்றுவிட்டது. நஷ்டமென்று யாரும் உணரவில்லை. ஆங்கிலத்தில் கழன்றது வேறு விதம். கட்டுவித்தான் என்ற பொருள் போயிற்று. அதைச் சுமந்துவந்த 'டிட்' மட்டும் போகவில்லை. பொருளில்லாமல், வேலையில்லாமல், வாக்கியத்தில் நின்றது.

வேலையில்லாமல் நின்ற அந்தச் சொல்லுக்கு முதலில் வேலை கொடுத்தவர்கள் செய்யுள் கட்டுகிறவர்கள். எல்லெகோர்ட் காட்டும் மிகப் பழைய உதாரணங்கள் 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் எழுதப்பட்ட எதுகைப் பாட்டுகளிலிருந்து வருகின்றன. காரணம் லௌகீகமானது. இறந்தகால வினைக்கு இயைபு கிடைப்பது கஷ்டம். 'டிட்' ஒன்றை முன்னால் போட்டால் வினை தன் இயல்பான வடிவத்தில் வரியின் கடைசியில் போய் உட்காரும், இயைபு சுலபம். ஓர் அசையும் கூடும். சாஸர் இதே காரியத்துக்கு 'கான்' என்று வேறொரு சொல்லை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் வந்த ஜான் லிட்கேட், மடத்துத் துறவி, லட்சத்துக்கு மேற்பட்ட வரிகள் எழுதித் தள்ளியவர், 'டூ'வைத் தாராளமாகப் போட்டார். அவ்வளவு எழுதுகிறவருக்கு இப்படி ஒன்று கைவசம் இருக்கத்தான் வேண்டும். நம் இலக்கணம் இதற்கு வெகுகாலம் முன்பே இடம் ஒதுக்கியிருக்கிறது: அசைநிலை, இசைநிறை. தொல்காப்பியர் இடைச்சொற்களின் வகைகளில் இவற்றையும் நிதானமாகச் சேர்க்கிறார், திட்டவில்லை. திட்டுவதற்குப் பிற்காலத்து நன்னூலின் பத்துக் குற்றப் பட்டியல் வேண்டியிருந்தது.

16ஆம் நூற்றாண்டில்தான் உண்மையான குழப்பம். ஒரே எழுத்தாளர் ஒரே பக்கத்தில் 'ஐ நோ நாட்' என்றும் 'ஐ டூ நாட் நோ' என்றும் எழுதுகிறார். ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் உண்டு; சந்தத்துக்கு எது வேண்டுமோ அது. எல்லெகோர்ட்டின் கோடுகளைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் 'டூ' மெல்ல ஏறி, நூற்றாண்டின் நடுவில் பத்தில் ஒன்று என்ற அளவை ஒட்டி, பின் சரிந்துவிடுகிறது. கேள்வியிலும் மறுப்பிலும் ஏறுகிறது; இடையில் சறுக்கல் இருந்தாலும் கடைசியில் இறங்கவே இல்லை. கேள்வியும் மறுப்பும் சேர்ந்த வாக்கியத்தில் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிறது. அதாவது ஏதோ ஒரு தேவை இருந்த இடத்தில் அந்தச் சொல் வேர் பிடித்தது. தேவை இல்லாத இடத்தில் பட்டுப்போயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை.

அந்தத் தேவை என்ன? இதைப் பற்றி மொழியியலாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1989இல் அந்தணி க்ரோக் இதே எண்களை வைத்து வேறு கணிதம் போட்டார். அருகிலிருந்த வெல்ஷ், கார்னிஷ் மொழிகளில் இப்படி ஒரு வழக்கு இருப்பதால் அங்கிருந்து தொற்றியது என்று ஒரு கட்சி. எனக்கு விளங்குகிற வரை சொல்கிறேன். ஆங்கிலம் தன் வேற்றுமை உருபுகளை இழந்த பிறகு, யார் செய்தது, எதைச் செய்தது என்பதை இடம்தான் சொல்லவேண்டியிருந்தது. வினைக்கு முன்னால் நிற்பவர் கர்த்தா, பின்னால் நிற்பது கர்மம். ஆனால் கேள்வி கேட்க வேண்டுமானால் பழைய வழக்கப்படி வினை எழுந்து முன்னால் போகவேண்டும். போனால் வரிசை கலைந்துவிடும். இதற்கு நம் கோயில்களில் ஒரு தீர்வு இருக்கிறது. மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. வீதிக்குப் போக உற்சவர் இருக்கிறார். நகைகளும் மாலைகளும் உற்சவருக்குச் சாத்தப்படுகின்றன. 'டூ'வும் அப்படித்தான். 'நோ' என்ற மூலவர் தன் இடத்தில் இருக்க, காலம், எண், இடம் என்ற நகைகளையெல்லாம் பூட்டிக்கொண்டு 'டிட்', 'டஸ்' என்று உற்சவர் முன்னால் புறப்படுகிறார். 'டிட்' வந்தால் பின்னால் 'வென்ட்' ஏன் வரக்கூடாது என்பதற்கு இதைச் சொல்லியிருந்தால் எங்கள் கிளாஸில் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

உடன்பாட்டு வாக்கியத்தில் உபரியாய்ப்போன 'டூ' 1611இன் ஜேம்ஸ் அரசர் பைபிளில் இன்னும் தாராளமாகக் கிடக்கிறது. முக்கியமாக 'டிட் ஈட்'. உண் என்பதன் நிகழ்கால, இறந்தகால வடிவங்கள் அப்போது எழுத்தில் ஒன்றுபோலவே இருந்ததால் அங்கே அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1711இல் அலெக்ஸாண்டர் போப் விமர்சனத்தைப் பற்றி எழுதிய செய்யுள் நூலில் இந்த அசைநிரப்பிகளைக் கிண்டல் செய்தார். கிண்டல் செய்யும் வரியிலேயே ஒரு வெற்று 'டூ'வை அடைத்துவைத்து, பார், எப்படி இழுக்கிறது என்று காட்டினார். கெட்டிக்காரத்தனமான வரி. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில் இதைப் பிழைபட்ட வழக்கு என்றே முத்திரை குத்தினார். ஆனால் 1779இல் கௌலியின் வாழ்க்கையை எழுதும்போது அதே ஜான்சன் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறார்: இன்று ஒரு வரியின் மதிப்பையே குறைக்கும் இந்தச் சொல் கௌலியின் காலத்தில் யாரையும் உறுத்தவில்லை. எனக்கு அந்த இடத்து ஜான்சன்தான் பெரிய விமர்சகர். ருசி ஒரு காலத்துக்குரியது என்று தெரிந்துகொண்டே தீர்ப்புச் சொல்கிறவர். போப்பிடம் அந்தத் தயக்கம் கிடையாது.

போப்பும் ஜான்சனும் உடன்பாட்டு வாக்கியத்தின் 'டூ'வைத்தான் துரத்தினார்கள். அவர்களுடைய கேள்விகளிலும் மறுப்புகளிலும் அது நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. 1913 மார்ச்சில் 'பொயட்ரி' பத்திரிகையில் எஸ்ரா பவுண்ட் வெளியிட்ட படிமக் கவிஞனின் விலக்குகள் நம் எல்லோருக்கும் பரிச்சயம். தேவையற்ற சொல் ஒன்றும் வேண்டாம் என்று நாம் வேதமாக ஓதுவது அதிலிருந்துதான். அதன் தலைப்பே 'எ ஃபியூ டோன்ட்ஸ்'. பொருளற்ற ஒரு துணைவினையும் ஒரு மறுப்பும் ஒட்டி, அதற்குப் பன்மை விகுதியும் போட்டுப் பெயர்ச்சொல்லாக்கிய சொல். இதைப் பவுண்டுக்கு எதிரான வாதமாகச் சொல்லவில்லை. அவருக்கு வேறு சொல் கிடையாது, அவ்வளவுதான்.

நம் பக்கம் திரும்பினால், இதே நாடகம் தமிழிலும் நடந்திருக்கிறது. நாம் கவனிக்கவில்லை, ஏனென்றால் இலக்கணம் படித்தவர்கள் புதுக்கவிதையையும், புதுக்கவிதை எழுதுகிறவர்கள் இலக்கணத்தையும் தொடுவதில்லை. பழந்தமிழில் மறுப்பு வினைக்குள்ளேயே இருந்தது. செய்யேன், போகான், காணார். காலம் காட்டும் இடைநிலைக்கு அங்கே இடமில்லை. வெறும் வேரும் விகுதியும் சேர்ந்தாலே மறுப்பு. இன்று இவை பேச்சில் இல்லை. போகவில்லை, போகமாட்டான் என்று வினையை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு மறுப்பை வேறொரு சொல் சுமக்கிறது. 'வாரான்' என்றால் சங்கப் பாட்டில் வரமாட்டான். திருநெல்வேலித் தெருவில் வந்துகொண்டிருக்கிறான். ஒரே ஒலி நேரெதிர்ப் பொருளுக்குப் போய்விட்ட பிறகு மறுப்புக்குத் தனியாக ஒரு ஆள் தேவைப்படாமல் இருக்குமா?

ஒற்றுமை இதோடு முடியவில்லை. ஆங்கிலத்தில் 'டூ'வுக்குக் கடைசிவரை முரண்டு பிடித்த வினைகள் எவை என்று எல்லெகோர்ட் பொறுக்கி வைத்திருக்கிறார்: அறி, சந்தேகி, அஞ்சு, பொருட்படுத்து போன்றவை. 'ஐ நோ நாட்' மற்றவை போன பிறகும் நெடுநாள் நின்றது. 'கேன்', 'மஸ்ட்' முதலியவை இன்றும் 'டூ'வை அண்டவிடுவதில்லை. தமிழில் பழைய மறுப்பு வடிவம் எங்கே பிழைத்திருக்கிறது? தெரியாது, முடியாது, கூடாது, வேண்டாம், மாட்டேன். அறிதல், இயலுதல், விரும்புதல். எல்லெகோர்ட்டின் பட்டியலையும் ஆங்கிலத் துணைவினைகளையும் சேர்த்து யாரோ தமிழில் பெயர்த்துவைத்ததுபோல் இருக்கிறது. தினமும் நூறு தடவை வாயில் வருகிற சொற்கள் புது வழக்குக்குப் பணிவதில்லை. அதிகம் புழங்குவது தேயும் என்று நாம் நினைப்பதற்கு மாறாக, அதிகம் புழங்கியதே பழசைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நம் புதுக்கவிதையில் 'அறியேன்', 'காணேன்' என்று வரும்போது எனக்கு நெருடுவது இதனால்தான். சுருக்கம் என்று கவிஞர் நினைக்கிறார். மூன்று நான்கு எழுத்தில் முடிகிறது, உண்மை. ஆனால் அந்தச் சொல்லை ஒருவரும் இன்று உச்சரிப்பதில்லை என்பதால் அது சுருக்கமாக இல்லாமல் அலங்காரமாக ஆகிவிடுகிறது. 'எனக்குத் தெரியவில்லை' நீளம். அதில் 'இல்லை' ஒட்டுச்சொல். ஆனால் ஒரு மனிதன் நிஜமாகவே கையை விரிக்கும்போது அதைத்தான் சொல்கிறான். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிகள் பலர் தாங்கள் பேச்சில் சொல்லாத 'நோ நாட்'டைக் கவிதையில் மட்டும் உடுத்திக்கொண்டதும் இதே பட்டுச்சட்டைதான். எழுத்து மிச்சம் பிடிப்பதைக் கணக்குப் பார்க்கிற விமர்சனம் இதைப் பிடிக்கத் தவறிவிடுகிறது.

'பண்ணு' பற்றியும் ஒரு வார்த்தை. டிரை பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, ஃபீல் பண்ணு என்று எந்த ஆங்கில வினையையும் பிடித்துத் தமிழாக்கிவிடும் இந்தச் சொல்லைத் தமிழின் சீரழிவு என்று பலர் அங்கலாய்க்கிறார்கள். யாழைச் சுருதி சேர்ப்பதற்கும் யானையைப் போருக்கு அணி செய்வதற்கும் பழைய தமிழ் வழங்கிய சொல் இது. மணிப்பிரவாள வியாக்கியானக்காரர்கள் வடமொழிப் பெயர்ச்சொல் எதையும் 'பண்ணி' சேர்த்துத் தமிழ் வினையாக்கினார்கள். அப்போதும் திட்டியவர்கள் இருந்திருப்பார்கள். இதுவும் 'டூ'வும் ஒன்று என்று சொல்லவரவில்லை. 'டூ' தன் வீட்டு வினைக்கே உற்சவராகப் போகிறது; 'பண்ணு' அயலூர்ச் சொல்லுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. வேலை வேறு. வெறுமை ஒன்று. எனக்குப் பிடிக்கிறதா என்றால், 'ஃபீல் பண்ணு' பிடிக்கவில்லை. ஆனால் என் பிடித்தமின்மை போப்பினுடையதைவிட அதிக காலம் நிற்கும் என்று நான் நம்பவில்லை.

கவிகள் விரட்டிய உடன்பாட்டு 'டூ' சட்டத்தில் அடைக்கலம் புகுந்தது. 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட இந்திய அரசியல் சாசனத்தின் முகவுரையில், இந்திய மக்களாகிய நாம் என்று தொடங்கிச் சுற்றிவரும் நீண்ட வாக்கியத்தின் பிரதான வினைக்கு முன்னால் அது நிற்கிறது. 1976இல் 42ஆவது திருத்தம் அந்த முகவுரையில் புதிய சொற்களைச் சேர்த்தது. 'டூ' இருந்த இடத்திலேயே இருந்தது. சொல்வதே செய்வதாக ஆகும் வாக்கியங்களைப் பற்றி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் பேசியது 1962இல், அவர் இறந்த பிறகு, புத்தகமாக வந்தது. அதில் கல்யாணத்தில் சொல்லும் 'ஐ டூ' ஒரு முக்கிய உதாரணம். பதிப்பாசிரியர் அதன்கீழ் ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்: ஆங்கிலத் திருமணச் சடங்கில் சொல்வது அதுவல்ல என்பது ஆஸ்டினுக்குத் திருத்த முடியாத அளவுக்குத் தாமதமாகத் தெரிந்ததாம். சடங்கு நூலில் 'ஐ வில்' என்றுதான் இருக்கிறது. தத்துவத்துக்கு அதனால் பாதகமில்லை என்றும் பதிப்பாசிரியர் சேர்த்துக்கொள்கிறார்.

'டூ' புறப்பட்ட தென்மேற்கு இங்கிலாந்தில், பாடநூல்கள் கைவிட்ட அந்த உடன்பாட்டு 'டூ' நாட்டுப்புறப் பேச்சில் சாகாமல் இருந்தது. டார்செட்டில் வில்லியம் பார்ன்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பேச்சிலேயே கவிதை எழுதினார். அங்கே அது வெறும் அசையில்லை. வழக்கமாக நடப்பதைக் குறிக்கிறது. அயர்லாந்திலும் அப்படி. 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதிகளிலிருந்து கரீபியத் தீவுகளுக்குப் போனவர்களோடு அதுவும் கப்பலேறியது என்கிறார்கள் ஒரு சாரார். பார்படோஸ், கயானா, டிரினிடாட் பேச்சில் இன்று 'டஸ்' என்றால் வழக்கமாகச் செய்வது. 'ஹீ டஸ் கோ' என்றால் தினமும் போவான். நம் 'போவான்' எதிர்காலத்தையும் பழக்கத்தையும் ஒன்றாகச் சொல்கிறதே, அதில் இரண்டாம் பாதி.

அந்த டிரினிடாடில் 1923இல் பிறந்தவர் சாம் செல்வன். தகப்பனார் மதராஸிலிருந்து போன கிறிஸ்தவர்; செல்வன் என்பது நம் ஊர்ப் பெயர்தான் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. லண்டனுக்குக் குடிபெயர்ந்த கறுப்பர்களைப் பற்றி ஒரு நாவல் எழுத உட்கார்ந்தபோது, முதலில் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் தொடங்கி, நகராமல்போகவே, உரையாடலை மட்டுமல்லாமல் கதை சொல்லும் குரலையும் தீவுப் பேச்சுக்கு மாற்றினார். 'தி லோன்லி லண்டனர்ஸ்' 1956இல் வெளிவந்தது. அதில் ஞாயிறு காலைகளில் பையன்கள் எல்லோரும் மோசஸின் அறைக்கு வருகிறார்கள், யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் கடிதம் வந்தது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாராவாரம் அப்படி வருவதைச் சொல்ல அவர்கள் பேச்சுக்கு ஒரு சொல் இருக்கிறது.